கையில் இருக்கும் கருவியும் அதைச் செய்த கைகளும்

(தொழிலாளரான புனித யோசேப்பு விழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. கேட்கத் தவறிய பங்கு மக்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாகத் திருச்சபை கொண்டாடுகிறது. 1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த விழாவை ஏற்படுத்தினார். ஆனால் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1923-இல், இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிவிட்டார். இந்த ஒரு காரியத்தில் நம் சென்னை உரோமையை முந்திக்கொண்டது என்று சொன்னால் உரோமையில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விழா நாளில் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் பழக்கமான ஒரு கேள்வி. அறிவியல் வளர்ச்சி மனிதருக்கு ஆக்கமா, அழிவா? பள்ளி ஆண்டுவிழாவில் இந்தத் தலைப்பில் ஒரு பட்டிமன்றமாவது நடக்கும். நம் பங்கு விழாக்களிலும் நடந்திருக்கிறது. ஓர் அணி தடுப்பூசியைச் சொல்லும், எதிரணி ஹிரோஷிமாவைச் சொல்லும். ஓர் அணி விண்கலத்தைச் சொல்லும், எதிரணி போபாலைச் சொல்லும். கடைசியில் நடுவர் எழுந்து, கத்தியால் பழமும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார். கத்தியைப் பிடிக்கிறவரைப் பற்றிப் பேசுகிறோம், வெட்டுப்படுகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். கத்தியைச் செய்தவர் எங்கே? பட்டறையில் அனலுக்கு முன்னால் நின்றவருக்கு அந்தக் கத்தி ஆக்கமாக இருந்ததா, அழிவாக இருந்ததா? இதைக் கேட்காமலேயே நடுவர் தீர்ப்பை எழுதிவிடுகிறார். யோசேப்பின் விழா நாளிலாவது நாம் அதைக் கேட்க வேண்டும், ஏனென்றால் யோசேப்பு கருவிகளைச் செய்தவர்.

நற்செய்தியில் இயேசுவைத் தச்சர் மகன் என்று ஊரார் சொல்வதை மத்தேயுவில் வாசிக்கிறோம். மாற்கு இன்னும் ஒரு படி மேலே போய் இயேசுவையே தச்சர் என்று குறிப்பிடுகிறார். அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'தெக்தோன்'. மரவேலை மட்டுமல்ல, கல்வேலை, கட்டட வேலை செய்கிற கைவினைஞரையும் அந்தச் சொல் குறிக்கும். இன்று நாம் 'டெக்னாலஜி' என்கிறோமே, அதன் வேர்ச்சொல்லும் இந்தச் சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, நம் ஆண்டவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொழில்நுட்பத் துறையில்தான் கழித்திருக்கிறார்! இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித யுஸ்தீன், இயேசு கலப்பைகளையும் நுகத்தடிகளையும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்.

நுகத்தடி என்றால் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பூந்தமல்லியைச் சுற்றி ஏரும் மாடும் இருந்த காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். மாட்டின் கழுத்துக்குப் பொருந்தாத நுகத்தடியைப் பூட்டினால் கழுத்தில் புண் வைத்துவிடும். புண் வைத்த மாடு உழாது. அதனால் நல்ல தச்சர் மரத்தை இழைப்பதற்கு முன் மாட்டைப் பார்ப்பார். தம் நுகம் சுமப்பதற்கு இனிது என்று ஆண்டவர் சொன்னபோது, தொழில் தெரிந்தவராகச் சொன்னார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

விவிலியம் தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படவில்லை. விடுதலைப் பயண நூலில் பெட்சலேல் என்று ஒருவர் வருகிறார். சந்திப்புக் கூடாரத்துக்கான பொன், வெள்ளி, வெண்கல வேலைகளையும் மர வேலையையும் செய்தவர். கடவுள் தம் ஆவியால் அவரை நிரப்பினார் என்று அந்த நூல் சொல்கிறது. பெரிய அரசரும் அல்லர், குருவும் அல்லர். ஒரு கைத்தொழிலாளி. அதே விவிலியம் தொடக்கநூல் நான்காம் அதிகாரத்தில் இரும்புக் கருவிகளைச் செய்த தூபால்காயினை அறிமுகப்படுத்திவிட்டு, அடுத்த வரியிலேயே அவன் தந்தை இலாமேக்கு, தான் செய்த கொலையைப் பெருமையாகப் பேசுவதையும் சொல்லிவிடுகிறது. பட்டறையும் பழிவாங்கலும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

தொழில்நுட்பம் தரும் நன்மையைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. ஆறு புள்ளிகளைத் தடவிப் படிக்கும் முறையை வகுத்த லூயி பிரெயில் ஒரு கத்தோலிக்கர், பாரிசில் கோவில் ஆர்கன் வாசித்தவர், சிறுவயதில் தம் தந்தையின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி குத்திப் பார்வையை இழந்தவர். அப்படிப்பட்ட ஒரு கூர்முனையைக் கொண்டே தாளில் புள்ளி குத்திப் பார்வையற்றோரைப் படிக்க வைத்தார். இன்று பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் கைபேசியைக் காதருகே வைத்துக்கொண்டால், திரையில் உள்ளதை அது தமிழிலேயே படித்துக் காட்டுகிறது. பேருந்து எங்கே வருகிறது, கையில் இருக்கும் நோட்டு எத்தனை ரூபாய், அம்மா என்ன செய்தி அனுப்பியிருக்கிறார், எல்லாவற்றையும் பிறர் உதவி இல்லாமல் தெரிந்துகொள்கிறார். கைபேசியால் உலகம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் அந்தப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கலாம்.

அந்தக் கைபேசி எங்கிருந்து வருகிறது?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நசரத்பேட்டை வருகிறது. (நாசரேத்துக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை மட்டுமே. ஆனாலும் தச்சர் விழாவன்று அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது மனம் கொஞ்சம் மகிழத்தான் செய்கிறது.) இன்னும் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. அதைத் தாண்டித் திருப்பெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கும் அப்பால் சுங்குவார்சத்திரத்தில் இன்று ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஆப்பிளின் ஐபோன்களைத் தயாரிக்கிறது. உலகம் முழுவதும் மக்கள் ஆசைப்பட்டு வாங்கும் அந்தப் பொருளை, வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும்கூட வந்த இளம்பெண்கள் பொருத்துகிறார்கள். அவர்களில் பலர் நம் பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே சிலர் ஞாயிறு திருப்பலிக்கும் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு சகோதரியிடம், தினமும் எத்தனை ஃபோன் செய்கிறாய் அம்மா என்று கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஃபாதர், நாங்க எங்க ஃபோன் செய்யறோம்? நான் ஒரு ஸ்க்ரூ போடுவேன், அடுத்த அக்கா டேப் ஒட்டுவாங்க. முழு ஃபோனை நான் பார்த்ததே கடை கண்ணாடியிலதான்." அவர் கையில் இருந்தது, அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைபேசி.

2021 டிசம்பர் மாதம் நம் பக்கத்தில் நடந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்கக் கூடும். பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் ஒரு விடுதி. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் அங்கே தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். டிசம்பர் 15-ஆம் நாள் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில பெண்களைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்தார்கள். மறுநாளும் அந்த டிசம்பர் குளிரில் நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சென்னை-பெங்களூரு போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுபோனது.

வதந்தி பொய். யாரும் இறக்கவில்லை. கைபேசியில் வந்ததை எல்லாம் நம்பக் கூடாது என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஏன் நம்பினார்கள்? உடன் தங்கியிருந்த தோழி எங்கே என்று கேட்டபோது, பதில் சொல்ல வேண்டியவர்கள் நேரத்தில் பதில் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடம் இருந்திருக்காது. அவர்கள் செய்த கருவி உலகத்தின் எந்த மூலைக்கும் ஒரு நொடியில் செய்தி கொண்டுபோகும். ஆனால் சில கிலோமீட்டருக்கு அப்பால் மருத்துவமனையில் படுத்திருந்த தோழி உயிரோடு இருக்கிறாள் என்ற ஒரு செய்தி அவர்களுக்கு வந்து சேரவில்லை.

பிறகு வெளிவந்த விவரங்கள்தான் வேதனையானவை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தச் சமையலறையில் எலிகளையும் சரியில்லாத கழிவுநீர் வசதியையும் கண்டு, அதை மூட உத்தரவிட்டார்கள். விடுதிகளில் ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தங்கியதையும், தரையில் படுத்ததையும், கழிப்பறையில் தண்ணீர் வராததையும் அந்தப் பெண்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தர விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே டிசம்பர் 29-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 12-ஆம் நாள்தான் ஆலை மறுபடி திறந்தது.

சகோதர சகோதரிகளே, மின்னணுத் தொழிற்சாலை எப்படி இருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்தவர்களைக் கேளுங்கள். உதிரிப் பாகத்தின் மேல் ஒரு தூசி விழக் கூடாது என்று காற்றை வடிகட்டி அனுப்புவார்கள். தலைக்கு உறை, கைக்கு உறை, காலுக்குத் தனிச் செருப்பு. உடம்பில் இருக்கும் துளி மின்னேற்றம் சில்லைக் கெடுத்துவிடக் கூடாது என்று மணிக்கட்டில் பட்டை கட்டி அதைத் தரையோடு இணைத்துவிடுவார்கள். வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. ஒரு சில்லுக்கு இத்தனை கவனம்! அதைத் தொட்டு வைத்த விரல்களுக்குச் சொந்தமான பெண், வேலை முடிந்து போகும் இடத்தில் எலி ஓடுகிறது. தூசியைத் தடுக்கத் தெரிந்த அறிவுக்கு எலியைத் தடுக்கத் தெரியாதா? தெரியும். அந்த இடம் உற்பத்திக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலை ஒருவர் பொறுப்பு, ஆள் அனுப்பியவர் வேறொருவர், விடுதி நடத்தியவர் இன்னொருவர், சமைத்தவர் மற்றொருவர். கை மாறி மாறி, பொறுப்பு யாருடைய கையிலும் இல்லாமல் போய்விட்டது.

பாபேல் கோபுரத்தைப் பற்றி யூதப் போதகர்கள் சொல்லி வந்த பழைய கதை ஒன்று உண்டு. விவிலியத்தில் இல்லாத கதை. ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். பாபேலில் கல் கிடைக்கவில்லை. மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டுச் செங்கல் செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது புதிய தொழில்நுட்பம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை பாடு என்று தெரியும். கோபுரம் உயர உயர, ஒரு செங்கல்லை உச்சிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது. அதனால் மேலிருந்து ஒரு செங்கல் விழுந்தால் எல்லாரும் உட்கார்ந்து அழுவார்களாம். ஓர் ஆள் விழுந்து இறந்தால், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம்.

இது வெறும் கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் 2010 அக்டோபர் 31-ஆம் நாள் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையில் இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன ஒரு பெண் இயந்திரத்துக்குள் சிக்கி உயிரிழந்தார். இயந்திரத்தை உடைத்து அவரை உடனே வெளியே எடுத்திருக்கலாம், அதில் தாமதம் நேர்ந்தது என்று உடன் வேலை செய்தவர்கள் குமுறினார்கள். அந்தக் குற்றச்சாட்டின் முழு உண்மைக்கு நாம் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. அப்படி ஒரு சந்தேகம் தொழிலாளர்கள் மனத்தில் எழும்படி அவர்கள் அங்கே வாழ்ந்திருந்தார்கள் என்பதே போதும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பர் 1-ஆம் நாள், அந்த ஆலையே மூடப்பட்டது. வரிப் பிரச்சினை, நிறுவனம் கை மாறியது, பொத்தான் ஃபோன் போய்த் தொடுதிரை ஃபோன் வந்தது என்று காரணங்கள் பல. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். அந்த வயதில் யாருக்கு ஓய்வில் விருப்பம் இருக்கும்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்தத் தொழிற்சாலைகளே வராமல் இருந்திருக்கலாம் என்று யாராவது முடிவுக்கு வந்தால், அந்தப் பெண்களே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சம்பளம் என்று ஒன்று தன் பெயரில் வங்கிக் கணக்கில் விழுவதை முதல்முதலாகப் பார்த்த குடும்பங்கள் அவை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அக்கா கட்டுகிறாள். பதினெட்டு வயதில் நடக்க இருந்த திருமணம் நான்கு ஆண்டு தள்ளிப் போகிறது. ஓலைக் கூரை ஓட்டுக் கூரையாகிறது. தன் ஊரில் இருந்தால் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம் என்று சாதி பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. இங்கே ஒரே வரிசையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நிற்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பங்குக் குருக்களாகிய நாம் எத்தனை மறையுரை வைத்தும் சில ஊர்களில் செய்ய முடியாமல் போனதை ஒரு கம்பெனி பஸ் செய்திருக்கிறது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆகவே கேள்வி, ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதில்லை. இதைத் திருச்சபை இன்று நேற்றுச் சொல்லத் தொடங்கவில்லை. 1891 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, நம் தாத்தா பாட்டிமார் சிங்கராயர் என்று அழைத்தவர், 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். நீராவி இயந்திரம் வந்து தொழிலாளர் நசுங்கிய காலம் அது. இயந்திரத்தை ஒழியுங்கள் என்று அவர் எழுதவில்லை. நியாயமான கூலி, ஓய்வு, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றை எழுதினார். 90 ஆண்டுகள் கழித்து, 1981-இல், புனித இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். தாமே இளமையில் கல் குவாரியிலும் வேதிப்பொருள் ஆலையிலும் வேலை செய்தவர் அவர். தொழில்நுட்பம் மனிதருக்குத் துணையாக வருகிறது, ஆனால் உழைப்பவரிடமிருந்து வேலையில் உள்ள மனநிறைவையும் பொறுப்பையும் அது பறிக்கும்போது எதிரியாக மாறிவிடுகிறது என்பது அவர் விளக்கம். வேலையின் மதிப்பு உற்பத்தியான பொருளில் இல்லை, அதைச் செய்யும் மனிதரில் இருக்கிறது என்று அவர் வலியுறுத்தினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, பதினான்காம் லியோ என்ற பெயரைத் தெரிவு செய்ததற்கு இதையே முதன்மைக் காரணமாகக் கர்தினால்களிடம் கூறினார். அன்று நீராவி இயந்திரம் வந்ததைப் போல இன்று செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது.

அது நமக்கு எங்கோ இருக்கும் சங்கதியும் இல்லை. 2025 மார்ச் மாதம் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலைச் சோதனையாக ஓட்டியபோது நம் தெருவெல்லாம் அண்ணாந்து பார்த்தது. பார்த்ததில் தவறில்லை. நாமும்தான் பார்த்தோம். கலங்கரை விளக்கம் வரை 26 கிலோமீட்டர் இடிபடாமல் போகலாம் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது?

இயந்திரம் வந்தால் மனிதருக்கு வேலை நேரம் குறையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது என்ன? 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், ஆலைகள் 12 மணி நேர வேலை நாளை வைத்துக்கொள்ள வழிசெய்யும் திருத்தச் சட்டமுன்வரைவு நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், அதே யோசேப்பு விழா அன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எட்டு மணி நேர வேலை என்பது இயற்கை கொடுத்த சட்டமல்ல. போராடிப் பெற்றது. சிங்காரவேலர் காலத்திலிருந்து அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கைபேசி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும்போது, அதைச் செய்கிறவரின் வேலை நாள் மட்டும் பழையபடி நீள வேண்டும் என்றால், வளர்ந்தது எது?

2024 ஜூன் மாதம் இன்னொரு செய்தி வந்தது. ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்ற ஒதுக்கல் நடப்பதாக ராய்ட்டர்ஸ் நிறுவனம் எழுதியது. அந்த நிறுவனம் அதை மறுத்தது. நடுவண் அரசு நம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நம் பங்கில் திருமணப் பதிவுக்கு வரும் பெண்கள், வேலை போய்விடுமோ என்று தயங்குவதைக் கேட்கும்போது, இந்தச் செய்தி நமக்கு வெறும் செய்தியாக இருப்பதில்லை. குடும்பம் வேண்டுமானால் வேலையை விடு என்று சொல்லும் எந்த ஏற்பாட்டையும் திருக்குடும்பத்தின் தலைவரான யோசேப்பின் முன்னால் நியாயப்படுத்த முடியாது.

ஜமீன் கொரட்டூர்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தது வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஆகஸ்ட் 17-ஆம் நாள், திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 18,720 படுக்கைகள் கொண்ட பெரிய குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. உலகத்துக்குக் கைபேசி செய்கிறவர்களுக்குக் கட்டில் வேண்டும் என்பது தெரிய வந்திருக்கிறது. நல்லது. அதே தொழில்நுட்பம், அதே நிறுவனம், அதே சாலை. இடையில் அந்தப் பெண்கள் பேசினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் எல்லாரும் அந்தக் குடியிருப்புக்குப் போய்விடவில்லை. இன்றும் நம் பூந்தமல்லியிலும், கரையான்சாவடியிலும், நசரத்பேட்டையிலும், திருமழிசையிலும் மாடி வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் எடுத்துப் பிள்ளைகளைத் தங்க வைக்கிறார்கள். அந்த வீடுகள் நம்முடையவை. மெஸ் நடத்துகிறவர்கள் நம் ஆட்கள். வேன் ஓட்டுகிறவர்கள் நம் ஆட்கள். ஆப்பிள் நிறுவனத் தலைவருக்கு நம்மால் கடிதம் எழுத முடியாமல் போகலாம். நம் வீட்டு மாடியில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று ஏறிப் பார்க்க நமக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தக்காரரிடமிருந்து சரியாக வந்துவிடுகிறது, மற்றது அவர் பாடு என்று சொல்லலாம். நாம் முன்பு பார்த்த அந்தக் கை மாறும் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கடவுளிடம் கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். வராத தண்ணீரும் கூக்குரலிடாது என்று யார் சொன்னது?

நம் பங்கில் இது குறித்து அன்பியப் பொறுப்பாளர்களோடு பேசி முடிவு செய்திருப்பதைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் காலைத் திருப்பலியில் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஒரு திருப்பலி இந்த மாதம் முதல் நடக்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்காக வாசகங்களில் ஒன்று இந்தியில் வாசிக்கப்படும். வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம்.

அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு வரும்போது, வீடு வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வர வேண்டும். உங்கள் மாடியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கழிப்பறைகள் எத்தனை? ஒரு நாளில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது? பெயர் எழுத வேண்டியதில்லை. தாளை மடித்துப் பொறுப்பாளரிடம் கொடுத்தால் போதும். எழுதுவதற்கு முன் ஒருமுறை மாடிக்குப் போய் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு வாருங்கள். இரவு ஷிப்ட் போனவர்கள் பகலில் தூங்குவார்கள். மாலையில் போங்கள்.